நம்பர் எழுதி வச்சிருக்கியாம்மா?

இரவுப் பணி முடிந்து, சிங்கப்பூரில் எங்கள் பேட்டை எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கும்போது காலை எட்டே முக்கால். சைக்கிள் நிறுத்துமிடத்தில் என் சைக்கிள் இல்லை. நான் நிறுத்திய இடத்தில், கம்பிக்குக் கீழே, நீலப் பிளாஸ்டிக் உறை போட்ட பூட்டு மட்டும் பாம்புச் சட்டை மாதிரி கிடந்தது. வேறு வரிசையில் வைத்துவிட்டேனோ என்று இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தேன். பிறகு அந்தப் பூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

நான் மருத்துவமனைத் தாதி. காலைப் பணி என்றால் ஐந்தே முக்காலுக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்தால் பதினெட்டு நிமிடம், சைக்கிளில் ஆறு நிமிடம். இரவு முழுக்க நின்றுவிட்டு வரும் கால்களுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம் எவ்வளவு பெரியது என்பது நிற்பவர்களுக்குத்தான் தெரியும். சைக்கிளுக்கு 380 வெள்ளி (டாலர்) கொடுத்தேன். பூட்டுக்கு 12 வெள்ளி. கடையில் பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கியது, எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அன்று யோசிக்கவில்லை.

புகார் கொடுத்தபோது அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். என்ன பிராண்டு, என்ன நிறம், எப்போது நிறுத்தினீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சைக்கிள் சட்டத்தில் அடித்திருக்கும் பிரேம் நம்பர் என்ன என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரசீது இருக்கிறதா என்றார். இருந்தது. ஆனால் அந்த வழவழப்பான ரசீதுத் தாள் நாளானால் வெளுத்துவிடும். சமையலறை இழுப்பறையில் ஒன்றரை வருஷம் கிடந்ததில் எழுத்தெல்லாம் போய் வெறும் மஞ்சள் தாளாகியிருந்தது. படம் இருக்கிறதா என்றார். சைக்கிள் வாங்கிய அன்று எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருந்தது. அதில் என் மகள் முன்னால் நின்று சிரிக்கிறாள், பின்னால் ஒரு சக்கரமும் ஹேண்டில்பாரில் பாதியும் தெரிகின்றன.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியும் அதேதான். "நம்பர் எழுதி வச்சிருக்கியாம்மா?"

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அது முன்னால் பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் துறையாக இருந்தது. 1968ல் செம்பவாங் ஷிப்யார்டு ஆனது. அப்பா சேர்ந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. காலையில் வாசல் திறக்கும்போது கறுப்பு இரும்புச் சைக்கிள்கள் வரிசை வரிசையாக வந்து நிற்குமாம். எல்லாம் ஒரே உயரம், ஒரே கறுப்பு, ஒரே மாதிரி மணி. சாயங்காலம் வெளியே வந்தால் எது யாருடையது என்று தேடவே நேரம் போய்விடும். திருட்டு என்று கூடச் சொல்ல முடியாது, ஆள் மாறி எடுத்துப் போவதே நடக்கும். அதனால் பட்டறையில் இரும்பில் எழுத்து அடிக்கும் பஞ்சை வைத்து, சீட்டுக்குக் கீழே வரும் குழாயில் தன் பெயரின் முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்துவைத்திருந்தார்: கே.எஸ். "பெயிண்ட் அடிச்சாலும் போகாதும்மா. விரல வச்சுத் தடவுனாலே தெரியும்" என்றார். இருட்டில் தடவியே தன் சைக்கிளைக் கண்டுபிடித்தவர் அவர்.

இந்த ஊரில் நாம் வளர்ந்த விதம் வேறு. உணவங்காடியில் மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகிறோம். சிலர் கைப்பேசியையே வைத்துவிட்டுப் போகிறார்கள். திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கிறது. இதில் எனக்குப் பெருமை உண்டு, அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். ஆனால் குற்றம் குறைவாக இருப்பதால் குற்றமே இல்லை என்று ஆகிவிடாது என்று நம் காவல்துறை பல வருஷமாகச் சுவரொட்டி ஒட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரொட்டியை மின்தூக்கிப் பக்கம் தினம் பார்த்துக்கொண்டே 12 வெள்ளிப் பூட்டைப் போட்டவள் நான். சட்டம் கடுமையானதுதான். தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவின்கீழ் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சட்டம் வேலை செய்ய வேண்டுமானால், பிடிபட்டவனிடம் இருக்கும் சைக்கிள் என்னுடையது என்று நான் காட்ட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு மன்னார்குடித் தம்பி ஒருவர் சாப்பிட வந்திருந்தார். ஈசூன் பாலசுப்பிரமணியர் கோயிலில் அன்னதானத்தில் பழக்கம். சுங்கை காடுட்டில் இரும்பு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை. நான் அறுந்த பூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ரம்பம் போடல அக்கா. கட்டர்தான். பாருங்க, முனை நசுங்கியிருக்கு."

அறுந்த முனையைச் சன்னல் வெளிச்சத்தில் காட்டினார். நீல உறை வெளியே தடியாக, என் கட்டைவிரல் கனத்துக்கு இருந்தது. உள்ளே இருந்த கம்பி அதில் பாதிகூட இல்லை. அதுவும் ஒரே கம்பி இல்லை. நூல் மாதிரி மெல்லிய கம்பிகள் பல, முறுக்கிச் சேர்த்தவை. தம்பி தன் பையிலிருந்து உள்ளங்கை நீளம் இருக்கும் ஒரு சின்னக் கம்பி வெட்டியை எடுத்தார். மீதி இருந்த துண்டில் வைத்துக் கடித்தார். முதலில் உறை பிளந்தது. பிறகு நறுக், நறுக் என்று நாலைந்து கம்பிகளாக அறுந்தன. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது எண்ணுவதற்குள் துண்டு இரண்டாகி மேசையில் விழுந்தது. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"மொத்தமா ஒரே கம்பியா இருந்தா இந்தக் கட்டர் ஒண்ணும் பண்ண முடியாது. இது பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கறதால ஒண்ணொண்ணா போயிடும். பெரிய கட்டர் வச்சிருந்தா ஒரே கடி."

தம்பியுடைய சைக்கிள் கைமாறி வந்தது, 60 வெள்ளி. அதற்கு அவர் போட்டிருக்கும் பூட்டு யூ வடிவத்து இரும்புப் பூட்டு, 45 வெள்ளி. கூட ஒரு சங்கிலியும் உண்டு. 60 வெள்ளிச் சைக்கிளுக்கு இவ்வளவா என்று கேட்டேன். அது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கும் கோயிலுக்கும் போக வேறு வழியில்லை, பஸ் சுற்றிக்கொண்டு போகும், பாதி நாள் அதிலேயே போய்விடும் என்றார். சைக்கிளின் விலையைப் பார்த்துப் பூட்டு வாங்கக் கூடாது, அது இல்லாமல் போனால் நம் நாள் என்ன ஆகும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அன்று எனக்குப் புரிந்தது. என்னுடைய அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை 12 வெள்ளி.

பூட்டு விஷயத்தில் தம்பி சொன்னதையும், அப்புறம் நானாகப் படித்தும் கடைகளில் கேட்டும் தெரிந்துகொண்டதையும் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் நம் பேட்டைகளில் பத்துச் சைக்கிளைப் பார்த்தால் பாதிக்கு மேல் என் நீலப் பூட்டின் தம்பி தங்கைகள்தான் தொங்குகின்றன.

என்னுடையதைப் போன்ற கேபிள் பூட்டு தனியாக எதற்கும் ஆகாது. ஹெல்மெட்டையோ சீட்டையோ கட்டிவைக்க ஆகும். யூ பூட்டு, அல்லது கடினப்படுத்திய எஃகுச் சங்கிலி, இரண்டில் ஒன்று வேண்டும். சங்கிலி என்றால் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரணச் சங்கிலி இல்லை. அது பளபளவென்று தடியாகத் தெரியும், பெரிய கட்டருக்குத் தாங்காது. பிரிட்டனில் சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளைக் கருவிகளால் தாக்கிப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுக்கிறது. அட்டையில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிடித்து இரும்பை அறுக்கும் மின் எந்திரத்துக்கு முன்னால் எந்தப் பூட்டும் ரொம்ப நேரம் நிற்காது. ஆனால் தீப்பொறி பறக்க, ஊர் கூடும் சத்தத்தோடு நிலைய வாசலில் நின்று அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். நம்மூரில் நடப்பது பெரும்பாலும் கையில் மறைத்து வரும் கட்டர் வேலை, அல்லது பூட்டாமல் கிடப்பதை ஏறி ஓட்டிக்கொண்டு போவது.

யூ பூட்டு சின்னதாக இருப்பதே நல்லது. பெரிதாக இருந்தால் உள்ளே காலியிடம் இருக்கும், அதில் கடப்பாரையை விட்டு நெம்பலாம். சைக்கிளும் கம்பியும் சேர்ந்து பூட்டின் உள்ளிடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு தரையைத் தொடவே கூடாது. தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையில் உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்த முடியும். இதைத் தம்பி எங்கள் வீட்டுத் தரையிலேயே துடைப்பக் கட்டையை வைத்துச் செய்து காட்டினார். சாவித் துளை கீழே பார்க்க இருக்கட்டும். நம்மூர் மழை துளைக்குள் இறங்கினால் ஆறே மாதத்தில் சாவி திரும்பாது. சமையல் எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்துக்கொண்டு பிசினாகிவிடும். பூட்டுக்கென்றே விற்கும் கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும்.

எதோடு எதைச் சேர்த்துப் பூட்டுகிறோம் என்பதுதான் இன்னும் முக்கியம். நம் பழைய நிறுத்துமிடங்கள் பலவற்றில் முன் சக்கரத்தை மட்டும் சொருகி வைக்கும் தாழ்வான கம்பிதான் இருக்கிறது. கைக்கு எட்டுவது முன் சக்கரம், அதனால் அதையே கம்பியோடு பூட்டிவிட்டுப் போய்விடுகிறோம். இப்போதைய சைக்கிள்கள் பலவற்றில் முன் சக்கரம் குயிக் ரிலீஸ். ஒரு நெம்பு கோலைத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடும். பந்தய ஓட்டிகள் வழியில் சட்டென்று சக்கரம் மாற்ற வேண்டும் என்பதற்காக இத்தாலிக்காரர் துல்லியோ கம்பக்னோலோ உருவாக்கிய ஏற்பாடு அது. கம்பியில் ஒரு சக்கரம் மட்டும் அநாதையாகத் தொங்குவதை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்தச் சக்கரத்தின் சொந்தக்காரர் பூட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல பூட்டைக்கூடப் போட்டிருப்பார்.

பிரேமும் பின் சக்கரமும் கம்பியும் ஒரே பூட்டுக்குள் வர வேண்டும். பின் சக்கரத்தின் முன்பாதிக்கு இரு பக்கமும் பிரேமின் குழாய்கள் முக்கோணமாகச் சேரும் இடம் உண்டு. அந்த முக்கோணத்துக்குள் ரிம்மைக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினால், பிரேம் குழாயைச் சுற்றாவிட்டாலும் சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே வராது, சைக்கிளும் வராது. முன் சக்கரத்துக்கு இரண்டாவது பூட்டு, அல்லது குயிக் ரிலீஸை எடுத்துவிட்டுச் சாவி போட்டுத் திருகும் போல்ட்டு. கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். பிறகு வாங்கிய சைக்கிளில் நான் மாற்றிவிட்டேன்.

கம்பி இல்லையே என்று நடைபாதைக் கைப்பிடியிலோ மரத்திலோ போக்குவரத்துப் பலகைக் கம்பத்திலோ பூட்டாதீர்கள். கம்பம் தனியாக நின்றால் சைக்கிளை அப்படியே மேலே தூக்கி உருவிவிடலாம். அதோடு, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய சைக்கிளில் அறிவிப்பு ஒட்டி, எடுக்காவிட்டால் அகற்றிவிடுவார்கள். திருட்டுப் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் முதலில் அதையும் விசாரித்துப் பார்க்க வேண்டும். நகர மன்றங்களும் கீழ்த்தளங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் சைக்கிள்களுக்கு அவ்வப்போது அறிவிப்புச் சீட்டுக் கட்டிவிட்டுப் போகும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்துவிட்டுப் போவது நல்லது. வாரக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் சைக்கிளைத்தான் மன்றமும் கவனிக்கிறது, திருடனும் கவனிக்கிறான்.

வீட்டு வாசலில், தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைக்கலாம், ஆனால் தீயணைப்பு விதிப்படி ஆள் ஓடிப் போக 1.2 மீட்டர் வழி திறந்திருக்க வேண்டும். எங்கள் தாழ்வாரம் குறுகல், சைக்கிளை வைத்தால் அந்த அகலம் மிஞ்சாது. பக்கத்து வீட்டுப் பாட்டி சக்கர நாற்காலியில் போகிறவர். மடக்கும் சைக்கிள் வாங்க வசதி உள்ளவர்களுக்குத் தொல்லையே இல்லை. மடக்கிய பின் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் ரயிலிலும் பஸ்ஸிலும் கூடவே எடுத்துப் போகலாம். வேலையிடத்தில் வைத்துக்கொள்ள இடம் இருந்தால், பூட்டைவிட அதுவே மேல். எங்கள் வார்டில் அந்த இடம் இல்லை. வாடகைச் சைக்கிளைச் சிலர் சொன்னார்கள். ஓபைக் என்ற நிறுவனம் 2018ல் மூடியபோது முன்பணம் மாட்டிக்கொண்டவர்களில் என் தோழியும் ஒருத்தி. இப்போது ஓடும் எனிவீல், ஹலோரைடு வண்டிகளை நானும் எடுத்திருக்கிறேன், வசதிதான். ஆனால் விடிகாலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு வண்டி நிற்கும் என்று நம்பி நான் வேலைக்குக் கிளம்ப முடியாது.

இரண்டு மாதம் கழித்து என் சைக்கிளைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வேறொரு பேட்டையில், உணவங்காடி வாசலில் நின்றது. அதே கரும்பச்சை. அதே மாடல். என் சைக்கிளின் ஹேண்டில்பார் இடது பக்கம் மின்தூக்கிக் கதவில் உரசி ஒரு கீறல் உண்டு. இதில் சரியாக அந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. கோப்பியோடு வெளியே வந்த பெரியவர் ஒருவர் பூட்டைத் திறந்தார். சீனப் பெரியவர், அறுபத்தைந்து வயதிருக்கும். அங்கிள், இது எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். இணையத்தில் கைமாறி வாங்கியது, 150 வெள்ளி, நல்ல விலை என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. தானாகவே சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து, அடியில் பாரும்மா என்றார்.

பெடல் அச்சு போகும் குழாயின் அடிப்பக்கம். கைப்பேசி விளக்கை அடித்து, அழுக்கை விரலால் துடைத்தேன். இரண்டு எழுத்தும் ஏழு எண்களும் வரிசையாகக் குழிந்து தெரிந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன், ஒன்றுகூட மங்கவில்லை. அதை ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே சைக்கிள் வாங்கிய கடைக்கு அழைத்தேன். அவர்கள் நம்பர் குறித்து வைப்பதில்லை என்றார்கள். இதே கரும்பச்சையில் இந்தத் தீவில் எத்தனை சைக்கிள் ஓடுகிறதோ, கீறல் விழாத சைக்கிள் எது. அந்தப் பெரியவர் திருடன் இல்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனதைப் பார்த்தபோது, அவருக்கும் அது இனி நிம்மதியான சைக்கிளாக இருக்காது என்று தோன்றியது.

திருட்டு நடந்த நாளைவிட இந்த நாள்தான் எனக்கு அதிகம் வலித்தது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றதை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. மின்சார உந்து சைக்கிளுக்குப் பதிவும் எண் பலகையும் கட்டாயம், அதனால் அதற்கு அரசாங்கத்திடம் ஒரு கணக்கு இருக்கிறது. நம் சாதாரணச் சைக்கிளுக்கு அந்தக் கணக்கை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே கீழே போய்ச் சைக்கிளைக் கவிழ்த்து, அந்த நம்பரைப் படம் எடுங்கள். கூடவே முழுச் சைக்கிளும் தெரிய ஒரு படம், கீறல்களைக் கிட்டத்தில் ஒரு படம், ரசீதை வாங்கிய அன்றே ஒரு படம். எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கைமாறி வாங்குகிறவர்களும் விற்கிறவரிடம் ரசீதும் நம்பரும் கேளுங்கள். கேட்டதும் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது வேறு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். யூ பூட்டு ஒன்று, முன் சக்கரத்துக்குச் சங்கிலி ஒன்று. சீட்டுக்கு அடியில், இருப்பிடம் காட்டும் ஏர்டேக் வில்லை ஒன்றும் ஒட்டியிருக்கிறேன். அது பக்கத்தில் போகும் ஐபோன்களைத் தொட்டு இருப்பிடத்தைச் சொல்லும், நம்மைப் போன்ற நெருக்கமான ஊரில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் திருடியவனிடம் ஐபோன் இருந்தால், உன்னோடு ஒரு ஏர்டேக் வருகிறது என்று அவனுக்கும் சேதி போகும். அதையே முழுதாக நம்பக் கூடாது. இடம் தெரிந்தாலும் தனியாகப் போய் வாசலில் நிற்கக் கூடாது, காவல்துறையிடம்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இதெல்லாம் திருப்தி இல்லை. பஞ்ச் வைத்து எழுத்து அடித்துவிடலாம் என்றார். தம்பி பிரேமைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது அலுமினியம் அப்பா. குழாய் ரொம்ப மெலிசு. அடிச்சா விரிசல் விட்ரும்." பிறகு அவரே ஒரு வழி சொன்னார். சீட்டுக் கம்பியை உருவி வெளியே எடுத்தால் உள்ளே குழாய் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு தாளில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே விட்டுவிடலாம். பெயிண்ட் மாற்றினாலும், அடியில் நம்பரைத் தேய்த்தாலும், உள்ளே ஒரு தாள் இருக்கும் என்று யாரும் தேட மாட்டார்கள்.

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். என் பெயர், எண், பிரேம் நம்பர் எல்லாம் எழுதினேன். சுருட்டப் போகும்போது அப்பா கையை நீட்டி, கொடும்மா என்றார். பேனாவை வாங்கி, தாளைத் தொடையில் வைத்து, என் பெயருக்குக் கீழே நிதானமாக எழுதினார்: கே.எஸ்.